கேரளம் ஆனாலும் பாரத் ஆனாலும்: பெயரை மாற்றுவது யார் கையில்?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது: கேரளாவைக் கேரளம் ஆக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்தியாவையே பாரத் ஆக்கிவிடுவார்கள் என்றும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு நாடு தன் பெயரை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா, தடுக்க யாருக்காவது அதிகாரம் உண்டா? எங்கள் நிலத்து ஆதாரம் (கிரயப் பத்திரம்), ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. புக், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டுமா?

காகிதக் கவலையை முதலில் தீர்த்துவிடலாம். எடுக்க வேண்டாம். மாநிலத்தின் பெயரை மாற்றும் சட்டங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு. மதறாஸ் மாநிலத்தைத் தமிழ்நாடு ஆக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரிசாவை ஒடிசா ஆக்கிய சட்டமும் ஏறக்குறைய அதே வார்ப்புதான். பழைய சட்டங்களில் பழைய பெயர் வருகிற இடமெல்லாம் புதிய பெயர் இருப்பதாகவே கொள்ள வேண்டும். கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் வழக்குகளில் மாநில அரசு புதிய பெயரில் தொடரும். சட்டப் புத்தகங்களைத் திருத்திக்கொள்ள அரசுக்கு அவகாசம் தரப்படும். இதனால்தான் 'மதறாஸ்' என்று அச்சிட்ட முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரம் இன்றும் செல்கிறது. இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைப் பாருங்கள். 1956 நவம்பர் 1இல் அந்தத் தாலுகாக்களுக்கு மாநிலமே மாறியது. அதற்கு முன் திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதிய ஆதாரங்கள் அதனால் செல்லாமல் போய்விடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்க ஏடுகள் ஊரையும் மாநிலத்தையும் பெரும்பாலும் எண்ணாலும் குறியாலும்தான் அடையாளம் காண்கின்றன. உங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கும் ஆந்திரத்துச் சித்தூருக்கும் தமிழில் ஒரே பெயர்தான், இரண்டு இடத்திலும் தமிழர் உண்டு. தபால் மாறிப்போகாமல் காப்பது 678101, 517001 என்ற பின்கோடுகள். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களில் 32 என்றால் கேரளம், 33 என்றால் தமிழ்நாடு. பெயரில் ஒரு எழுத்து கூடியதால் 32 மாற வேண்டிய அவசியம் இல்லை. பால்காட் என்ற ஆங்கிலப் பெயர் பாலக்காடு ஆகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரயில்வேயில் ஸ்டேஷன் குறி இன்னும் பி.ஜி.டி.தான். கோழிக்கோடு சி.எல்.டி., சென்னை சென்ட்ரல் எம்.ஏ.எஸ்.

இனி அதிகாரம் யாருக்கு என்பது. மாநிலத்தையும் நாட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் அரசியல் சாசனத்தில் வழி வேறு வேறு.

மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சட்டமன்றத் தீர்மானம் ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அது டெல்லிக்குப் போக வேண்டும், உள்துறை அமைச்சகம் பார்க்க வேண்டும், மத்திய அமைச்சரவை ஒப்ப வேண்டும். பிறகு குடியரசுத் தலைவர் மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பி, இத்தனை நாளுக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று கெடு வைப்பார். கருத்து வந்தாலும் வராவிட்டாலும் கெடு முடிந்ததும், குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதாவை நாடாளுமன்றத்தில் வைக்கலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். 4ஆவது பிரிவின்படி இது அரசியல் சாசனத் திருத்தமாகவே கருதப்படாது.

மாநிலத்தின் கருத்து டெல்லியைக் கட்டுப்படுத்தாது என்பதை ஆந்திரக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாநிலப் பிரிவினை மசோதாவை 2014 ஜனவரி 30இல் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அதை நிறைவேற்றின. ஜூன் 2இல் தெலங்கானா பிறந்தது. பெயர் மாற்றமும் மாநிலப் பிரிவினையும் அதே 3ஆவது பிரிவில்தான் இருக்கின்றன.

கேரளம் விஷயத்தில் சட்டமன்றம் ஒரே கோரிக்கைக்கு ஏன் இரண்டு தடவை தீர்மானம் போட்டது என்று பலர் கேட்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 9இல் போட்ட முதல் தீர்மானம், முதல் அட்டவணையில் பெயரை மாற்றச் சொன்னதோடு நிற்காமல், எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் கேரளம் என்றே இருக்க வேண்டும் என்றும் கேட்டது. மாநிலங்களின் பட்டியல் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது, எட்டாவது அட்டவணை வெறும் மொழிப் பட்டியல். அதைத் தொடத் தேவையில்லை என்று உள்துறை அமைச்சகம் சுட்டிக்காட்ட, 2024 ஜூன் 24இல் திருத்திய தீர்மானம் நிறைவேறியது. ஒடிசா கதை வேறு. அங்கே மாநிலத்தின் பெயரோடு மொழியின் பெயரும் ஒரியாவிலிருந்து ஒடியா ஆனது. மொழிப் பெயருக்காக 96ஆவது அரசியல் சாசனத் திருத்தம் தனியாக வேண்டியிருந்தது.

முதல் அட்டவணையோடும் வேலை முடியாது. நான்காவது அட்டவணையில் மாநிலங்களவை இடப் பங்கீடு இருக்கிறது, கேரளத்துக்கு 9 இடம். எல்லைப்புறத்துக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டிய 290ஏ பிரிவும் இருக்கிறது. கேரள அரசு ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு, அதாவது கோயில் நிர்வாக நிதிக்கு, 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்கிறது அது. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் கொடுக்க வேண்டும். குமரி மாவட்டக் கோயில்களுக்கான தொகை இப்படி அரசியல் சாசனத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கேரளா என்ற பெயர் அந்தப் பிரிவிலும் வருவதால் அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

சட்டப்படி இவ்வளவு லேசான காரியம் நடைமுறையில் ஏன் இழுக்கிறது? எதிர்க்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் விடை. தமிழ்நாடு என்ற பெயருக்காகச் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27இல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கி அக்டோபர் 13இல் உயிர்விட்டார். 1961இல் வங்கத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், பலிக்கவில்லை. மாநிலத்தில் ஆட்சி மாறி, 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்த பிறகு டெல்லியும் ஒத்துக்கொண்டது. 1969 ஜனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. சட்டப் பிரிவு முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது, மாறியது அரசியல்.

மேற்கு வங்கம் இன்னும் காத்திருக்கிறது. ஆங்கில அகரவரிசையில் கடைசியாக வருவதால் டெல்லிக் கூட்டங்களில் பேசும் முறை கடைசியில்தான் வருகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2016இல் ஆங்கிலத்துக்கு ஒன்று, வங்காளிக்கு ஒன்று, இந்திக்கு ஒன்று என்று மூன்று பெயர் கேட்டார்கள். ஒரே பெயராகக் கொண்டுவாருங்கள் என்றது மத்திய அரசு. 2018இல் பாங்ளா என்று ஒரே பெயரைத் தீர்மானித்து அனுப்பினார்கள். பங்களாதேஷ் என்ற அண்டை நாட்டின் பெயரோடு குழம்பும் என்ற ஆட்சேபம் கிளம்பியது. மாநிலத்திலும் மத்தியிலும் ஆளும் கட்சிகள் கீரியும் பாம்புமாக இருந்தால் இப்படியொரு ஆட்சேபமே போதும், கோப்பு நகராது. கேரளம் என்ற பெயருக்கு அப்படி உரிமை கொண்டாட அண்டை வீட்டார் யாரும் இல்லை.

இப்போது நாட்டின் பெயர். முதல் பிரிவே "இந்தியா, அதாவது பாரதம்" என்று இரண்டு பெயரையும் சொல்லித்தான் தொடங்குகிறது. 1949 செப்டம்பர் 18இல் அரசியல் நிர்ணய சபையில் இதற்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. பாரதத்தை முன்னால் வைக்க எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் 38க்கு 51 என்ற வாக்கில் தோற்றது. ஆகவே பாரத் புதுப்பெயர் அல்ல. பாஸ்போர்ட் அட்டையில் இந்தியில் பாரத் என்றுதான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஜி20 விருந்து அழைப்பிதழில் ஆங்கிலத்திலும் 'பாரத் குடியரசுத் தலைவர்' என்று அச்சிட்டதுதான் புதுசு. அழைப்பிதழுக்குச் சட்ட பலம் கிடையாது, ஆனால் ஊர் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று ஆழம் பார்க்க அது தோதான கருவி. அதே வருடம் ஜனவரியில் சென்னை ஆளுநர் மாளிகைப் பொங்கல் அழைப்பிதழில் 'தமிழ்நாடு' போய்த் 'தமிழகம்' வந்தபோது மூண்ட சண்டையும் இந்த ரகம்தான்.

இந்தியா என்ற சொல்லையே நீக்க வேண்டுமென்றால் 368ஆவது பிரிவின்படி திருத்தம் வேண்டும். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். மக்களவையில் 543 பேரும் வந்தால் 362 வாக்கு. மாநிலங்களின் ஒப்புதல் வேண்டாமே என்பார்கள். முதல் பிரிவை மட்டும் தொட்டால் அது சரி. ஆனால் சாசனம் முழுக்க அந்தச் சொல் இறைந்து கிடக்கிறது. உச்ச நீதிமன்றத்தைப் பற்றிய அத்தியாயத்தில் 'இந்தியத் தலைமை நீதிபதி' என்று வருகிறது. அந்த அத்தியாயத்தில் கைவைத்தால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும் என்று 368 சொல்கிறது. 28இல் 14. அதனால் முழுமையாக மாற்ற நினைக்கும் எந்த அரசும் கடைசியில் மாநிலங்களின் வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

இதைவிட எளிதான ஒரு வழி துருக்கி காட்டியது. உள்நாட்டில் அவர்கள் எப்போதும் துருக்கியே என்றுதான் சொல்லிவந்தார்கள். மற்றவர்களும் ஆங்கிலத்தில் அப்படியே எழுத வேண்டும் என்று 2022 ஜூனில் வெளியுறவு அமைச்சர் ஐ.நா. பொதுச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார், காரியம் முடிந்தது. ஐ.நா.வில் உறுப்பு நாடு தன் பெயரை எழுத்தில் தெரிவித்தால் போதும். வாக்கெடுப்பு எதுவும் இல்லை. எந்த நாடும் தன் பெயரை மாற்றியதால் உறுப்பினர் இடத்தையோ, போட்ட ஒப்பந்தங்களையோ, வாங்கிய கடனையோ இழப்பதில்லை. சாசனத்திலேயே பாரத் இருப்பதால் இந்தியாவும் இந்த வழியில் போகப் பார்க்கலாம். அப்போது வழக்கு ஒரு கேள்வியில் வந்து நிற்கும். இரண்டு பெயரையும் சாசனம் அருகருகே வைத்திருக்கும்போது, ஒன்றை மட்டும் ஓரங்கட்ட ஆட்சியாளர்களுக்கு உரிமை உண்டா?

உலகத்தின் ஏடுகளும் பெயரை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. சுவாசிலாந்து மன்னர் 2018 ஏப்ரல் 19இல் விழா மேடையில் நாட்டின் பெயரை எஸ்வாத்தினி என்று அறிவித்தார். சர்வதேசக் குறி இன்றும் எஸ்.இசட். புள்ளிவிவரங்களில் நாட்டைக் குறிக்கும் மூன்று இலக்க எண் பெயர் மாறினால் மாறாது, நிலப்பரப்பு மாறினால்தான் மாறும். நம் விமானங்களின் வாலருகே இன்றும் வி.டி. என்று எழுதியிருக்கிறதே, அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஒதுக்கிய குறி. சுதந்திரம் வந்தும் அதை அசைக்க முடியவில்லை.

அண்டை நாடு வந்து மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு மாசிடோனியாவைப் பார்க்க வேண்டும். 1991இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. கிரேக்க நாட்டின் வடபகுதிக்கும் மாசிடோனியா என்றே பெயர் என்பதால், பெயரைக் கொண்டு நாளை நிலத்தையும் கேட்பார்கள் என்று கிரீஸ் பயந்தது. 1993இல் 'முன்னாள் யுகோஸ்லாவியக் குடியரசு மாசிடோனியா' என்ற நீளமான தற்காலிகப் பெயரோடுதான் ஐ.நா.வில் சேர முடிந்தது. 2008இல் நேட்டோவில் சேரவிடாமல் கிரீஸ் மறித்தது. கடைசியில் 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வடக்கு மாசிடோனியா என்று முடிவானது. செப்டம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள், ஆனால் வாக்களிக்க வந்தவர்களே 37 சதவீதம்தான். 50 தேவைப்பட்டது. வாக்கெடுப்பு ஆலோசனைக்குத்தான் என்று சொல்லி அரசு நாடாளுமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் 120 பேரில் 81 பேர் ஆதரிக்க, மூன்றில் இரண்டு பங்கு மயிரிழையில் கிடைத்தது.

சாதாரண மக்களுக்குக் கஷ்டம் வந்தது பிறகுதான். பழைய பெயருள்ள பாஸ்போர்ட்டுகளை ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று கெடு. 2024 பிப்ரவரியில் கெடு முடிந்தபோது புதிய பாஸ்போர்ட் கிடைக்காமல் வரிசையில் நின்றவர்கள் ஏராளம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய ஆவணம் காலாவதியாகும் வரை செல்லும் என்று எழுதுவது வழக்கம். மாசிடோனியாவிலோ வெளிநாட்டோடு போட்ட ஒப்பந்தம் கெடு வைத்துவிட்டது. அத்தனைக்கும் பிறகும் சண்டை ஓயவில்லை. 2024 மே மாதம் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது வாய்மொழியாக 'மாசிடோனியா' என்று சொல்ல, கிரேக்கத் தூதர் எழுந்து வெளியே போனார்.

இலங்கையில் தகராறு உள்ளுக்குள்ளேயே இருந்தது. 1972 மே 22இல் சிலோன் ஸ்ரீலங்கா ஆனது. தமிழர்களுக்குப் பெயரில் பெரிய நட்டம் இல்லை, தமிழில் அன்றும் இன்றும் இலங்கைதான். ஆனால் அந்தப் பெயர் வந்த அதே அரசியல் யாப்பு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக உறுதிசெய்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, நாடு ஒற்றையாட்சி என்றது, சிறுபான்மையினருக்கு அதற்கு முன் இருந்த சோல்பரி யாப்பின் 29ஆவது பிரிவு தந்திருந்த காப்பை விட்டுவிட்டது. தமிழரசுக் கட்சி அதற்கு முந்தைய வருடமே அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது. விழாவும் கொடியும் பெயருக்கு நடக்கும், கூடவே வரும் பிரிவுகளை யாரும் மேடையில் படிக்க மாட்டார்கள். தேயிலைப் பெட்டியில் மட்டும் இன்னும் சிலோன்தான். விற்கும் பெயரை மாற்ற வியாபாரிகளுக்கு மனம் வருமா?

இந்தக் கண்ணோடு உங்கள் ஊர்ப் பெயர் மாற்றத்தைப் பார்த்தால், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, மூணாறு, பீர்மேடு தமிழர்களுக்குக் கேரளம் என்ற பெயரால் எதுவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தமிழ்நாடு ஒரு மொழியின் பெயரைக் கொண்ட மாநிலம். கேரளம் நிலத்தின் பெயர், அதற்குள் தமிழ் பேசுகிறவரும் கேரளத்துக்காரர்தான். கவனம் வைக்க வேண்டியது மொழிச் சட்டங்களில். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும், பதிலையும் அதே மொழியில் கேட்கலாம். 2017இல் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இந்த மாதிரிச் சட்டங்கள் திருத்தத்துக்கு வரும்போது ஆட்சேபம் எழுதி அனுப்புவதில் பலன் உண்டு. பெயர் மசோதாவில் சண்டை போட ஒன்றும் இல்லை.

கடைசியாக, பெயர் மாறிய பிறகு கையில் இருக்கும் காகிதங்களை என்ன செய்வது? ஆதாரத்தில் எழுதியிருப்பதை யாரும் திருத்தக் கூடாது. பேனாவால் ஒரு எழுத்துச் சேர்த்தாலும் அது திருத்தப்பட்ட ஆவணம் ஆகிவிடும். வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) அடைக்கும்போது வரும் ரசீதில் புதிய பெயர் தானாக வரும். அங்கே சரிபார்க்க வேண்டியது தண்டப்பேர் எண்ணும் (வில்லேஜ் ஏட்டில் நில உடைமையாளரின் கணக்கு எண்) சர்வே எண்ணும். வண்டிக்கு கே.எல். குறியை மாற்ற வேண்டிய தேவை தெரியவில்லை. உத்தராஞ்சல் உத்தராகண்ட் ஆனபோது யு.ஏ. யு.கே. ஆனது, ஒடிசாவில் ஓ.ஆர். ஓ.டி. ஆனது. அங்கும் புதிதாகப் பதிவான வண்டிகளுக்குத்தான் புதுக் குறி, பழைய நம்பர் பிளேட்டோடு வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சிக்கல் வருவது வெளிநாட்டில் சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில். பிறப்புச் சான்றில் பால்காட், பாஸ்போர்ட்டில் பாலக்காடு, நாளைக்கு எடுக்கும் சான்றில் கேரளம் என்று மூன்று விதமாக இருந்தால், வளைகுடாவில் ஏடு பார்க்கும் எழுத்தர் வெவ்வேறு ஊர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பக்கூடும். ஆளின் பெயரில் வித்தியாசம் இருந்தால் வில்லேஜ் ஆபீசர் தரும் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் உதவும். ஊர், மாநிலப் பெயருக்கு அது பொருத்தமில்லை. பெயர் மாற்ற அறிவிப்பு வந்த அரசிதழின் நகலைச் சான்றிதழோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பழைய சான்றையே புதுப் பெயரில் திருத்தித் தரும்படி கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் விண்ணப்பம் போட வேண்டாம். திருத்திய சான்றுக்குப் புதிய தேதி விழும், பிறகு அந்தத் தேதிக்கு விளக்கம் சொல்ல அலைய வேண்டிவரும்.